செல்வராணி சிஸ்டரின் தொண்டை

இசக்கியம்மாள் பதிந்த பிழையை ஐந்தாவது முறையாக மூடியிருந்தார்கள். காரணம் எழுதும் கட்டத்தில் இந்தத் தடவை ஒரே ஒரு வரி: 'களத்தில் இப்படி நடக்கவில்லை.' அதன் கீழே மேலாளர் கௌசிக்கின் பெயர்.

அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தாள். பதினோரு வருடமாக மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பதுதான் அவள் வேலை. பதிந்த பிழையை மூடுவதும், அவள் மறுபடி திறப்பதும், நிரல் எழுதியவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதும், பிறகு டீக்கடையில் சமாதானமாகி ஒழுங்காகச் சரிசெய்து கொடுப்பதும் அவளுக்குப் புதிதல்ல. ஆனால் இதுவரை அவள் பிடித்த பிழைகளால் பஸ் டிக்கெட் இரண்டு தடவை பதிவாகியிருக்கிறது, மின்கட்டண ரசீதில் பெயர் மாறியிருக்கிறது. ஆள் செத்ததில்லை. இதில் சாவார்கள்.

கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில் மூன்று மாடிக் கட்டடம் அவர்களுடையது. செய்துகொண்டிருந்த பொருளின் பெயர் 'செவி'. அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவு வாசலில் வைக்கிற கருவி அது. ஒரு மைக், ஒரு சின்னத் திரை, அவ்வளவுதான். நோயாளி அதன் முன்னால் உட்கார்ந்து தனக்கு என்ன செய்கிறது என்று சொல்ல வேண்டும். சொல்லும் வார்த்தைகளைச் செவி பெரிதாக எடுத்துக்கொள்ளாது. குரலில் இருக்கும் நடுக்கத்தை, இழுப்பை, முனகலை, அலறலைத்தான் கேட்கும். இருபது விநாடியில் வலிக்கு ஒரு எண் கொடுத்துவிடும், ஒன்று முதல் பத்து வரை. நோயாளி எழுந்து போகும்வரை கேட்டுக்கொண்டே இருந்து அந்த எண்ணைத் திருத்திக்கொள்ளும். எட்டுக்கு மேல் வந்தால் கதவு திறக்கும். நாலுக்குக் கீழே என்றால் பெஞ்சில் காத்திருக்க வேண்டியதுதான். அந்த எண்ணை டாக்டர்கூட மாற்ற முடியாது. மாற்ற முடிந்தால் சிபாரிசு புகுந்துவிடும் என்று அரசாங்கம் அப்படித்தான் கேட்டு வாங்கியிருந்தது.

கௌசிக்கின் அறைக் கதவைத் தட்டாமலே உள்ளே போனாள்.

"திரும்பவும் மூடிட்டீங்க."

"உக்காருங்க இசக்கி." அவன் கணினியை விட்டுத் திரும்பினான். சென்னையிலிருந்து வந்து நாலு வருடம் ஆகிறது. கெட்டவனில்லை, யாரையும் குரல் உயர்த்திப் பேசமாட்டான். "உங்க பிழையை நான் ஒதுக்கலை. ஆனா நிரூபணம் வேணும்ல?"

"அறுநூத்திப் பன்னெண்டு பழைய குரல் பதிவு போட்டுப் பார்த்தேன். எல்லாருக்கும் பிற்பாடு என்ன வியாதின்னு டாக்டர் எழுதினது கையில இருக்கு. அதுல நாப்பத்தொரு பேருக்குச் செவி மூணுக்குக் கீழ குடுத்திருக்கு. குடல்வால் வெடிச்சவங்க, மாரடைப்பு வந்தவங்க, கர்ப்பக் குழாய் வெடிச்ச பொண்ணுங்க ரெண்டு பேரு. அத்தனை பேரும் மெதுவாப் பேசினவங்க. 'ஒண்ணுமில்ல, லேசாத்தான்'னு சொன்னவங்க. வலியைச் சத்தமாச் சொல்லாத ஆளை இது பெஞ்சில உக்கார வச்சிடும் கௌசிக்."

"அது ஆய்வகம். கீழக்கரிசல் ஆஸ்பத்திரியில நேரடியா வச்சு ஆறு மாசம் ஆச்சு. நாலாயிரம் நோயாளிங்க. பெஞ்சில உக்கார்ந்த ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை. நீங்க சொல்ற பிழை அங்க ஏன் வரலை?"

அதுதான் ஆறு வாரமாக அவளை அரித்துக்கொண்டிருந்தது. ஆய்வகத்தில் நூறு தடவை வருகிற பிழை களத்தில் ஒரு தடவைகூட வரவில்லை என்றால் அது போய்விட்டது என்று அர்த்தமில்லை. யாரோ அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

கௌசிக் குரலைத் தாழ்த்தினான். "எங்கப்பா எப்படிப் போனாருன்னு உங்களுக்குத் தெரியாது. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வரிசையில நின்னாரு. அவருக்கு முன்னாடி கால் சுளுக்குன்னு ஒரு ஆளை உள்ள கூட்டிட்டுப் போனாங்க, யாரோ போன் பண்ணாங்கன்னு. செவிக்கு யாரும் போன் பண்ண முடியாது இசக்கி. அதுக்குச் சாதி தெரியாது, சட்டை தெரியாது. இது தாமதமானா இருநூறு ஆஸ்பத்திரியில அந்தப் பழைய வரிசைதான்."

"உங்கப்பா வரிசையில நின்னப்போ கத்தினாரா?"

மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினான், திரும்ப மாட்டினான்.

"வியாழக்கிழமை பதினொரு மணிக்கு சுகாதாரத் துறையிலிருந்து வர்றாங்க," என்றான். "சோதிச்சவங்க கையெழுத்து இல்லாம மருத்துவக் கருவியை வெளியே விட முடியாது, உங்களுக்கே தெரியும். இந்தப் பிழையைத் 'தெரிந்த குறைகள்' பட்டியல்ல சேர்த்துக்கலாம். நீங்க கையெழுத்துப் போடுங்க."

அன்று திங்கட்கிழமை.

எண்ணைக் கணக்கிடும் பகுதியை எழுதியவன் தாவூத். மேலப்பாளையத்துப் பையன் என்று எல்லோரும் சொன்னாலும் அவனுக்கு முப்பத்திரண்டு வயது, இரண்டு பிள்ளைகள். இசக்கியை அக்கா என்றுதான் கூப்பிடுவான். அவள் போய் நின்றதும் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அக்கா, ஆறாவது தடவை திறந்திராதீங்க. என் மேலதான் வந்து விடியும்."

"திறக்கல. கீழக்கரிசல் பதிவுகளை நான் கேக்கணும். சுத்தம் பண்ணினது இல்ல, அசலு."

"அசலை நீங்க கேக்கக்கூடாதுன்னு விதி இருக்கு."

"நீ கேக்கலாம்லா?"

"நான் கேக்கலாம்."

"அப்போ நீ கேளு. நான் உன் பக்கத்துல உக்காந்திருக்கேன்."

அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஹெட்போனின் ஒரு பக்கத்தை அவளிடம் கொடுத்தான். முதலில் டாக்டர் 'மிக அவசரம்' என்று பின்னால் குறித்த நோயாளிகளை மட்டும் எடுத்தார்கள். அறுபத்தெட்டு வயது முதியவர் ஒருவர். 'நெஞ்சு லேசாக் கரிக்கு. சோடா குடிச்சேன், சரியாகல' என்கிறார். எட்டு விநாடி மௌனம். அதன் பிறகு காதைப் பிய்க்கிற மாதிரி ஒரு அலறல்: 'யம்மா... யம்மோவ்... தாங்க முடியலையே!' எண் ஒன்பது.

இசக்கி நெற்றியைச் சுருக்கினாள். அடுத்த பதிவு, கல்லூரிப் பெண். அடிவயிற்றில் வலி என்று கிசுகிசுக்கிறாள். மௌனம். 'யம்மா... யம்மோவ்...' எண் ஒன்பது. அடுத்தது, லாரி ஓட்டுகிற ஒருவர். அவர் குரல் கட்டைக் குரல். மௌனம். 'யம்மா... யம்மோவ்...'

தாவூத் ஹெட்போனைக் கழற்றிவிட்டான். முகம் வெளிறிப் போயிருந்தது.

"எல்லாத்துலயும் ஒரே பொம்பளைக் குரலுக்கா."

"ஆமா."

"நோயாளி குரலைத் தனியாப் பிரிச்சு எடுக்கணும்னு நான் அப்பவே சொன்னேன். நேரமில்லன்னு விடச் சொன்னாங்க. அதனால பக்கத்துல யாரு கத்தினாலும் இது எடுத்துக்கும்." அவன் விரல்கள் ஏற்கெனவே விசைப்பலகைக்குப் போய்விட்டன. "ஒரு நாள் குடுங்கக்கா, சரிபண்ணிருதேன்."

"எதைச் சரிபண்ணுவ?"

"அடுத்த ஆள் குரலை எடுக்காதபடி..."

"சரிபண்ணினா அந்தத் தாத்தாவுக்கு என்ன எண் வரும்?"

தாவூத் முதியவரின் குரலை மட்டும் வெட்டி எடுத்து ஓட்டிப் பார்த்தான். திரையில் இரண்டு என்று வந்தது. அவன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

அன்று மாலை வரைக்கும், செவ்வாய்க்கிழமை முழுவதும், எட்டுக்கு மேல் எண் வந்த பதிவுகளைக் கேட்டார்கள். முன்னூற்றுப் பதினெட்டுப் பதிவுகளில் அடுத்தவர் அலறல் இருந்தது. பத்துப் பதினோரு பெண்கள் முறைபோட்டுக் கத்தியிருந்தார்கள். அதிகம் கத்தியது அந்த முதல் குரல்தான். நாட்கள் போகப்போக அது கரகரத்து, நடுவில் உடைந்து, இருமலோடு சேர்ந்து கேட்டது.

புதன்கிழமை காலை விடுப்பு எழுதிவைத்துவிட்டு இசக்கி கீழக்கரிசலுக்கு பஸ் ஏறினாள்.

அவசரப் பிரிவு வாசலில் இருபது பேர் இருந்தார்கள். மைக்கை ஒட்டி ஒரு ஸ்டூலில் தாட்டியான செவிலியர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். வாயில் பனங்கற்கண்டு. சட்டையில் செல்வராணி என்று பெயர். இசக்கி கூட்டத்தோடு கூட்டமாக நின்றாள்.

மைக்கின் முன்னால் வந்து உட்கார்ந்த பெண் உப்பளத்து வேலைக்காரி என்பது பாதத்தைப் பார்த்தாலே தெரிந்தது. வெடித்து வெள்ளை பூத்திருந்தது. பெயர் பேச்சித்தாய் என்றாள்.

"என்னம்மா செய்யுது?"

"ஒண்ணுமில்ல தாயி. வயித்துல லேசாக் கொத்திப் பிடிக்கு. முந்தாநாளு வேலை முடிஞ்சு வரும்போது பிடிச்சது."

திரையில் இரண்டு என்று விழுந்தது. பேச்சித்தாய் எழுந்து பெஞ்சுக்குப் போகத் தயாரானாள். செல்வராணி அவள் தோளை அமுக்கி உட்காரவைத்தார். நெற்றியைத் தொட்டார், சில்லென்று வேர்த்திருந்தது. நாடியைப் பிடித்தார். சேலைக்கு மேலேயே வயிற்றில் கைவைத்து லேசாக அழுத்தினார். பலகை மாதிரி இருந்திருக்க வேண்டும், அவர் முகம் அப்படி மாறியது. வாயிலிருந்த கற்கண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு மைக்கின் பக்கம் குனிந்தார்.

"யம்மா... யம்மோவ்... தாங்க முடியலையே!"

கூட்டத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பழகிப்போயிருந்தது. திரையில் ஒன்பது வந்தது. கதவு திறந்தது. பேச்சித்தாயைச் சக்கர நாற்காலியில் வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

இசக்கி வராந்தாவில் அவரைத் தனியாகப் பிடித்தாள். தான் யார் என்று சொன்னதும் செல்வராணியின் கண்கள் சுருங்கின.

"கம்பெனிக்காரியளா? வேவு பாக்க வந்தியளோ?"

"இல்ல சிஸ்டர். எத்தனை நாளா இப்படிச் செய்யுதிய?"

"மிசின் வந்த ரெண்டாம் வாரத்துலேர்ந்து. ஒரு கொத்தனாரு. பேசவே மாட்டாரு மனுசன். மூணுன்னு காட்டிச்சு. பெஞ்சில சாஞ்சு உக்காந்தவரு சரிஞ்சிட்டாரு. நல்லவேளை, டாக்டர் அந்த நேரம் வெளிய வந்தாரு, பிழைச்சாரு. அதனால கம்பெனிக் கணக்குல அது ஏறல. அன்னைக்கு முடிவு பண்ணினேன்." அவர் தொண்டையைச் செருமினார். "நாப்பது வருசமா உப்புக்குள்ள நிக்கிற பொம்பள 'லேசா'ன்னு சொன்னா, நீங்களும் நானும் தரையில விழுந்து புரளுவோம், அந்த வலி. அவளை எவன் கத்த விட்டான் இத்தனை நாளு? புருசன்ட்ட கத்தினா அடி, மேஸ்திரிட்ட கத்தினா வேலை இல்ல. இப்போ ஒரு மிசின் வந்து கத்துன்னா உடனே கத்திருவாளா?"

"டாக்டர்ட்ட சொல்லியிருக்கலாமே?"

"அவரு எண்ணை மாத்துனா அவருக்கு மெமோ. மிசின்ல கை வைக்கக்கூடாதுன்னுதான் உத்தரவு. வாய் வைக்கக்கூடாதுன்னு எங்கயும் போடல. நான் ரெண்டு தடவை படிச்சுப் பாத்தேன்."

இசக்கிக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. "சிஸ்டர், உங்களால இங்க ஒருத்தரும் சாகல. அதைக் காட்டித்தான் நாளைக்கு இந்தக் கருவியை இருநூறு ஆஸ்பத்திரிக்குக் குடுக்கப் போறாங்க. 'கீழக்கரிசல்ல ஒரு தப்புகூட இல்லை'ன்னு."

செல்வராணிக்கு இது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் சிவந்தது.

"நான் கத்தினதை வச்சா?"

"ஆமா. நான் இதைச் சொன்னா உங்க எல்லாருக்கும் வேலைக்கு ஆபத்து. உங்க குரலை எடுக்காதபடி கருவியை மாத்திருவாங்க. சொல்லலைன்னா, கத்த ஆளில்லாத ஊருக்கெல்லாம் இது போகும். எனக்கு என்ன செய்யுறதுன்னு தெரியல. அதான் உங்ககிட்ட வந்தேன்."

"இதுல தெரியாம போறதுக்கு என்ன இருக்கு?" செல்வராணி அருகிலிருந்த மேசையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை உருவினார். "என் பேரைப் போட்டே சொல்லுங்க. இல்ல, நானே எழுதித் தாரேன். திருட்டுத்தனமாவா செஞ்சேன்? இருவது பேரு முன்னாடி மைக்குல கத்தினேன்."

எழுதினார். கையெழுத்திட்டார். பிறகு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வார்டு வார்டாக நடந்தார். அரைமணி நேரத்தில் பதினோரு கையெழுத்துகளோடு திரும்பி வந்தார். பன்னிரண்டாவது செவிலியர் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அவள் அழுதாளாம், போடவில்லையாம். "அவளை ஒண்ணும் சொல்லக்கூடாது," என்றார் செல்வராணி.

அதற்குள் உள்ளேயிருந்து தகவல் வந்தது. பேச்சித்தாயின் குடலில் ஓட்டை விழுந்திருக்கிறது, ஆபரேஷனுக்கு எடுத்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு சுகாதாரத் துறை இணை இயக்குநர் டாக்டர் அங்கயற்கண்ணி வந்தார். நரைத்த முடியை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தார், அதிகம் பேசவில்லை. சுவர்த்திரையில் சென்னையிலிருந்து நிறுவனத் தலைவர் சிரித்த முகத்தோடு தெரிந்தார். கௌசிக் கீழக்கரிசல் வரைபடங்களை ஒவ்வொன்றாகக் காட்டி முடித்தான். சான்றிதழை இசக்கியின் பக்கம் நகர்த்தி, பேனாவையும் வைத்தான்.

அவள் பேனாவைத் தொடவில்லை.

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன் மேடம். இந்த ஆறு மாசமாச் சோதிக்கப்பட்டது கருவி இல்லை. செல்வராணி சிஸ்டரோட தொண்டை."

மூன்று பதிவுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டாள். முதியவர், கல்லூரிப் பெண், லாரி ஓட்டுநர். மூவருக்கும் ஒரே அலறல். அங்கயற்கண்ணி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மூன்றாவது முடிந்ததும் திரையிலிருந்த தலைவரின் சிரிப்பு போயிருந்தது.

"இது கருவியை ஏமாத்துற குற்றம்," என்றார் தலைவர். "அந்த நர்ஸ் மேல நடவடிக்கை எடுக்கணும். எங்க பொருள்ல தப்பு இல்லை. அடுத்தவங்க குரல் ஏறாம ஒரு குரல் பூட்டு போட்டா முடிஞ்சது."

"பூட்டுங்க," என்றாள் இசக்கி. "பூட்டிட்டு, கீழக்கரிசல்ல மறுபடி ஆறு மாசம் வச்சுப் பாருங்க. எத்தனை பேர் பெஞ்சிலயே போறாங்கன்னு எண்ணி, அந்த வரைபடத்தை இதே சுவர்ல காட்டுங்க. அப்போ வந்து நான் கையெழுத்துப் போடுதேன்."

"நீங்க உங்க எல்லையை மீறிப் பேசுறீங்க," என்றார் தலைவர்.

"பிழையைச் சொல்லத்தான் எனக்கு வேலை குடுத்தீங்க. அஞ்சு தடவை எழுதினேன், மூடினீங்க. இப்போ வாயால சொல்லுதேன். இதை எப்படி மூடுவீங்க?"

அங்கயற்கண்ணி கையை உயர்த்தினார். செவிலியர்களின் கடிதத்தை வாங்கி முழுக்கப் படித்தார். இசக்கியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தனை பேருக்காகக் கத்தினாங்க?"

"முன்னூத்திப் பதினெட்டு மேடம். அதுல இருநூத்தித் தொண்ணூத்தி மூணு பேருக்கு நிஜமாவே அவசரம்னு டாக்டர் பின்னாடி எழுதியிருக்காரு."

அவர் கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். "இன்னைக்குக் கையெழுத்து வேண்டாம்," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். பாராட்டும் இல்லை, கண்டிப்பும் இல்லை.

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தபோது இசக்கியின் அடையாள அட்டைக்குக் கதவு திறக்கவில்லை. தாவூத்தான் அவளுடைய டிபன் பாக்ஸையும் சால்வையையும் கீழே கொண்டுவந்து கொடுத்தான்.

"பூட்டு என்னையத்தான் எழுதச் சொல்லுதாவ அக்கா. நான் இல்லன்னா வேற ஆளு எழுதுவான்." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "எழுதிருவேன்னு நினைக்கேன். ரெண்டு பிள்ள இருக்கு."

"எழுது," என்றாள் அவள். "ஒழுங்கா எழுது." அவன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட வேண்டிய இடம் வேறு என்று தெரிந்திருந்தது.

அடுத்த இரண்டு மாதத்தில் எல்லாம் தோற்றுப்போன மாதிரியே நடந்தது. செவிலியர்கள் பதினோரு பேருக்கும் மெமோ வந்தது. செல்வராணியை இரண்டு மாவட்டம் தாண்டித் தூக்கி அடித்தார்கள். குரல் பூட்டு வந்தது. இனி உட்கார்ந்திருப்பவரின் குரலைத் தவிர வேறெதையும் செவி கேட்காது. வேறு ஊரிலிருந்து ஒரு சோதிப்பாளரைக் கூட்டிவந்து கையெழுத்து வாங்கினார்கள். இருநூறு மருத்துவமனைகளில் கருவி ஏறியது. இசக்கி வேலைக்கு விண்ணப்பித்த இடங்களில் எல்லாம் பழைய நிறுவனத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார்கள், பிறகு கூப்பிடவில்லை.

ஒருநாள் மதியம் அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது செல்வராணி போன் செய்தார். குரல் இன்னும் கரகரப்பாகத்தான் இருந்தது.

"ஒரு சர்க்குலர் வந்திருக்கு. மிசினை எப்படி வச்சுக்கணும்னு முப்பத்தாறு பக்கம். எங்களுக்கு ஒண்ணும் விளங்கல. அனுப்புதேன், படிச்சுச் சொல்லுங்க."

இசக்கி மொட்டைமாடி நிழலில் உட்கார்ந்து படித்தாள். வழக்கமான சங்கதிகள்: தூசி தட்டுவது, மின்சாரம் போனால் செய்ய வேண்டியது. இருபத்தேழாம் பிரிவில் நின்றாள். இன்னொரு தடவை படித்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மூன்றாவது தடவையும் படித்தாள்.

'கருவியின் முடிவில் குறை இருப்பதாகப் பணியிலுள்ள செவிலியர் கருதினால், உரிய படிவத்தில் முழுமையாகப் பதிவு செய்ய வேண்டும். நிறுவனத்தின் பொறுப்பான அலுவலர் ஒருவர் நோயாளியின் விவரங்களைப் படித்து, தம் பெயரையும் கையெழுத்தையும் இட்டு விடையளிக்க வேண்டும். விடை வரும்வரை அந்நோயாளியின் எண் பத்து எனக் கொள்ளப்படும்.' கடைசிப் பக்கத்தில் கையெழுத்து: அங்கயற்கண்ணி.

ஒப்பந்தத்தோடு இணைப்பாக வந்த விதிகள் இவை; கையெழுத்துப் போட்ட அவசரத்தில் நிறுவனத்தார் அந்தப் பக்கத்தை ஊன்றிப் படித்திருக்க மாட்டார்கள்.

அவள் செல்வராணியைக் கூப்பிட்டாள். "சிஸ்டர், இனி நீங்க கத்த வேண்டாம். எழுதினாப் போதும்."

"என்னத்த எழுத?"

"பிழைப் பதிவு. மிசின் என்ன சொல்லிச்சு, நீங்க என்ன பாத்தீங்க, நாடி எவ்வளவு, வயிறு எப்படி இருந்துச்சு. அரைகுறையா எழுதினா அப்படியே தள்ளிருவாங்க. முழுசா எழுதினா, உங்க முன்னாடி இருக்கிற ஆளை உள்ள விட்டே ஆகணும். அவங்க ஆபீஸ்ல ஒருத்தன் 'இவருக்கு அவசரமில்லை'ன்னு எழுதி, கீழ தன் பேரைப் போடுற வரைக்கும்."

"எவன் போடுவான்?"

"அதான் பாப்போம்."

எப்படி எழுதுவது என்று அவள் போனிலேயே சொல்லிக்கொடுத்தாள். செல்வராணி தன்னோடு பயிற்சி படித்தவர்களைச் சேர்த்தார். அவர்கள் வேறு சிலரைச் சேர்த்தார்கள். ஒரு மாதத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அறுபது, எழுபது செவிலியர்கள் ஒரே அழைப்பில் இருந்தார்கள். பதினோரு வருடமாக இசக்கி செய்த வேலையை அவர்கள் பத்தே நாளில் பிடித்துக்கொண்டார்கள். பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவது அவர்களுக்குப் புதிதில்லை. அவர்கள் பார்த்ததை இதுவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

பதிவுகள் நூறாக, ஆயிரமாகக் குவிந்தன. தாவூத் ஒருநாள் போனில் சொன்னான்: "பதில் எழுத ஆள் போட்டாங்கக்கா. எட்டுப் பேரு. ஒருத்தனும் கையெழுத்துப் போட மாட்டேங்கான். கௌசிக் சாரே உக்காந்தாரு. ஒரு பதிவு, வயசான ஆளு, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்காரு, வாயே திறக்கலன்னு எழுதியிருந்துச்சு. அரைமணி நேரம் அதையே பாத்துக்கிட்டிருந்தாரு. அப்புறம் எந்திரிச்சுப் போய்ட்டாரு." இவருக்கு அவசரமில்லை என்று தன் பெயரைப் போட்டு எழுத அந்த மூன்று மாடியிலும் ஒருவரும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பின் நடுவில் கௌசிக்கின் எண் திரையில் மின்னியது. திரும்ப வேலைக்குக் கூப்பிடவா, வழக்குப் போடுவதாக மிரட்டவா, தெரியவில்லை. இசக்கி அதை அடிக்க விட்டாள். கல்வராயன் மலையடிவாரத்து மருத்துவமனையிலிருந்து பூங்காவனம் என்ற செவிலியர் தன் முதல் பதிவை வாசித்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயதுப் பெண்ணாம், கர்ப்பிணி. கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். செவி கொடுத்த எண் ஒன்று. நாடி, ரத்த அழுத்தம், உதட்டின் நிறம், சேலையில் கறை எல்லாவற்றையும் விடாமல் எழுதியிருந்தாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க பூங்காவனம். அடுத்த கட்டம்?"

"அதுலதாங்க முட்டுது மேடம். 'எதிர்பார்த்தது என்ன'ன்னு கேக்குது. எட்டுன்னு எழுதறதா, ஒன்பதுன்னு எழுதறதா? எனக்கு அந்த எண்ணெல்லாம் தெரியாதுங்களே."

"எண் வேண்டாம். அந்தப் பொண்ணைப் பாத்தப்போ நீங்க என்ன எதிர்பார்த்தீங்க?"

அறுபது பேரும் காத்திருந்தார்கள்.

"அவ பிழைக்கணும்னு."

"அதையே எழுதுங்க," என்றாள் இசக்கியம்மாள். "கீழ உங்க பேரைப் போடுங்க."